சொன்னதும் கேட்டதும்

(பொருநைக் கரையிலுள்ள ஒரு சிற்றூர் வாசகசாலையில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயமானது, ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களுக்கும், பூமியிலிருந்துகொண்டு அவர்களுக்கு வழி சொல்லும் அதிகாரிகளுக்கும் ரேடியோ மூலம் நடக்கும் பேச்சில் ஏற்படும் தவறுகளைப் பற்றியதாகும். "வயலுக்கும் கடைக்கும் போய் வருகிற நமக்கு ஆகாயத்துச் சங்கதி எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நாம் விமானமோட்டியுமல்ல, அந்த இலாகா உத்தியோகஸ்தருமல்ல. ஆனால் மேலப்பாளையத்திலிருந்தும், கடையநல்லூரிலிருந்தும், காயல்பட்டணத்திலிருந்தும், திசையன்விளையிலிருந்தும் துபாய்க்கும் சவூதிக்கும் பிழைப்புத் தேடிப் போகிறவன் யார்? நம் வீட்டுப் பிள்ளைதானே! அவனைத் திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்து, "சேர்ந்துவிட்டேன்" என்று போன் வரும் வரையில் கண்ணை மூடாத தாய்மார்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே, இது நம்முடைய சங்கதிதான்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிப்போம். ஐப்பசி மாதத்து மழை ராத்திரி. கால்வாயில் தண்ணீர் கரை தட்டிப் போகிறது. இக்கரையில் ஒருவர், அக்கரையில் மடைக்குப் பக்கத்தில் ஒருவர். இக்கரைக்காரர் "மடையை அடை" என்று கூவுகிறார். காற்றும் மழையும் கலந்த இரைச்சலில் அது அக்கரைக்காரர் காதில் "மடையை உடை" என்று விழுகிறது. பிறகென்ன? காலையில் பார்த்தால் பயிர் இல்லை. அல்லது, "மடையைத் திறக்க வேண்டாம்" என்று கூவுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் பாஷையில் "கூடாது", "வேண்டாம்" என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. காற்று அந்த வாலை அறுத்துவிட்டால் "மடையைத் திறக்க" என்பதுதான் மிச்சம். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். கேட்டவர் கேட்டபடிதான் செய்தார். இருவரும் யோக்கியர்கள். ஆனாலும் பயிர் போய்விட்டது. இதற்கு யாரை நோவது?

இந்தச் சங்கடம் பயிரோடு நிற்கும்போது ஓர் ஊர் பட்டினி கிடக்கிறது. ஆகாயத்தில் ஏற்படும்போது முந்நூறு, ஐந்நூறு உயிர்கள் ஒரே நொடியில் போய்விடுகின்றன.

விமானத்திற்கும் தரைக்கும் நடக்கும் பேச்சு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு பிரதேசத்தில் பறக்கும் அத்தனை விமானங்களும், அவற்றிற்கு வழி சொல்லும் அதிகாரியும் ஒரே அலையில்தான் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்திவிட்டால், இரண்டு பேச்சும் சிதைந்து ஒரு சீழ்க்கைச் சத்தந்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். பேசிய இருவருக்கோ தாங்கள் பேசியது போகவில்லை என்பதே தெரியாது. முகத்தைப் பார்த்து அர்த்தம் தெரிந்து கொள்ளவும் வழி கிடையாது. வெறும் குரல் ஒன்றுதான். பேசுகிற பாஷையும் பெரும்பாலும் இங்கிலீஷ். பேசுகிறவர்களில் அநேகருக்கோ அது வீட்டுப் பாஷையன்று.

ரயில்வேக்காரர்கள் இந்த ஆபத்தை முன்னமேயே உணர்ந்திருந்தார்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதையில், அடுத்த ஸ்டேஷன்காரரின் சம்மதமில்லாமல் வெளியே வராதபடி இயந்திரத்துக்குள் பூட்டி வைத்த ஒரு இரும்புப் பந்தை, வளையத்தில் கோத்த பையில் போட்டு டிரைவர் கையில் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அங்கே வார்த்தையை நம்பவில்லை. கையில் இருக்கும் பொருளை நம்பினார்கள். ஆனால் ஆகாயத்தில் பறக்கிறவன் கையில் பந்தைக் கொடுக்க முடியுமா? அவனுக்கு வார்த்தைதான் பந்து. அந்த வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சில உதாரணங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, மலேயாவில் நடந்தது. 1989-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு அமெரிக்கச் சரக்கு விமானம் வந்து கொண்டிருந்தது. அதைத் தரையிலிருந்த அதிகாரி 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். அதை அவர் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். இங்கிலீஷில் "டூ" என்றால் இரண்டு. இன்ன மட்டத்"துக்கு" என்கிற உருபும் அதே சத்தந்தான். விமானத்திலிருந்தவர்கள் "நானூறுக்கு இறங்கு" என்று அர்த்தம் செய்து கொண்டு, "சரி, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதில் சொன்னார்கள். தாம் சொன்ன இரண்டாயிரத்து நானூறு அங்கே வெறும் நானூறாகிவிட்டது என்பதை அதிகாரி கவனிக்கவில்லை. விமானம் குன்றில் மோதி அதிலிருந்த 4 பேரும் மாண்டார்கள். "இரண்டாயிரத்து நானூறு" என்று ஆயிரத்தையும் நூறையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மயக்கத்துக்கு இடமேது? நம் ஊர்ச் சந்தையில் மாடு விற்கிறவன்கூட தொகையை ஆயிரம், நூறு என்று வாய்விட்டுச் சொல்லித்தான் பேரம் முடிக்கிறான்!

இரண்டாவது, விமான சரித்திரத்திலேயே அதிகமான உயிர்களைப் பலி வாங்கிய விபத்து. 1977-ஆம் வருஷம் மார்ச் 27-ந் தேதி, ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த டெனரீஃப் தீவில் நடந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. இடம் நெருக்கடி; மூடுபனி. ஓடுபாதையின் ஒரு கோடியில் ஹாலந்து தேசத்து கே.எல்.எம். விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் அமெரிக்கப் பான்-ஆம் விமானம் இன்னும் ஊர்ந்து வந்து கொண்டிருக்கிறது. பனியில் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. அந்த நிலையத்தில் தரையை வேவு பார்க்கும் ராடாரும் கிடையாது.

கிளம்பின பிறகு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத்தான் கோபுரத்து அதிகாரி சொன்னார். கிளம்பலாம் என்று உத்தரவு கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் "கிளம்பின பின்" என்ற வார்த்தை இருந்தது. கே.எல்.எம். கேப்டன் எஞ்சினை முடுக்கிவிட்டார். அவருடைய உதவியாளர் அவசரத்தில், "கிளம்பும் நிலையில் இருக்கிறோம்" என்று இரண்டுவிதமாகவும் பொருள்படும்படி ரேடியோவில் சொன்னார். அதிகாரி அதை "நின்று கொண்டிருக்கிறோம்" என்று எடுத்துக் கொண்டார். "ஓ.கே." என்றார், பிறகு, "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றார். அதே வினாடியில் பான்-ஆம் விமானம், "நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்" என்றது. இரண்டும் மோதிச் சீழ்க்கையாயிற்று. கே.எல்.எம். விமானத்தில் தெளிவாய்க் கேட்டது எது? "ஓ.கே." என்ற ஒரு வார்த்தைதான்! நம் மடைக்காரர் கதையில் வால் அறுந்து போன மாதிரியே இங்கும் வால் அறுந்தது. 583 பேர் செத்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் 61 பேர். அவர்கள் எல்லோரும் பான்-ஆம் விமானத்தில் இருந்தவர்கள்.

தோழர்களே! இங்கே ரேடியோவின் பேரில் மாத்திரம் குற்றத்தைப் போட்டுவிட்டுப் போக நாம் தயாராயில்லை. ஏனெனில், விமானம் ஓட ஆரம்பித்த பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்த எஞ்சினியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அந்தப் பான்-ஆம் இன்னும் ஒதுங்கவில்லையோ?" என்று கேட்டார். கேப்டன் "ஒதுங்கியாயிற்று" என்று அழுத்தமாகச் சொன்னார். எஞ்சினியர் வாயை மூடிக் கொண்டார். அந்தக் கேப்டன் சாமானியரல்ல. அந்தக் கம்பெனியின் விமானமோட்டிகளுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கும் தலைமை ஆசிரியர். கம்பெனி விளம்பரங்களில் அவர் படந்தான் போடுவார்கள். அப்பேர்ப்பட்ட பெரியவர் சொன்ன பிறகு சின்னவர் மறுத்துப் பேசலாமா? மரியாதைக் குறைவல்லவா? அந்த மரியாதைக்குக் கொடுத்த விலைதான் 583 உயிர்! சந்தேகம் சரியாக இருந்தது. கேள்வியும் சரியாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்கும் தைரியம் ஒன்றுதான் இல்லை.

மூன்றாவது உதாரணம் இதற்கு நேர் எதிரானது. அங்கே கேட்கத் துணியவில்லை. இங்கே சொல்லத் துணியவில்லை. 1990 ஜனவரி 25-ந் தேதி தென் அமெரிக்காவின் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா கம்பெனி விமானத்தை, இறங்க இடமில்லையென்று ஆகாயத்திலேயே மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்ற வைத்தார்கள். எண்ணெய் தீர்ந்து கொண்டே வந்தது. ஒருமுறை இறங்க முயன்று முடியாமல் மேலே ஏறியபோது, "நமக்கு ஆபத்து என்று சொல்" என்று கேப்டன் தம் பாஷையில் உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் தரையோடு பேசும்போது, மற்றச் சங்கதிகளையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "எண்ணெய் தீர்ந்து கொண்டிருக்கிறது" என்று சாதாரணமாகச் சொன்னாரேயொழிய, "ஆபத்து" என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் எல்லா விமானங்களையும் ஒதுக்கி அதற்கு வழிவிட்டிருப்பார்கள். அது சொல்லப்படாததால், இன்னும் ஒரு சுற்றுக்கு அனுப்பினார்கள். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். வீடு பற்றி எரியும்போது, "ஐயா, கொஞ்சம் சூடாக இருக்கிறது" என்று வாசலில் நின்று விண்ணப்பம் செய்து கொள்ளுகிற மாதிரி இருக்கிறதல்லவா?

இனி நம் தேசத்து விஷயத்துக்கு வருவோம். 1996-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி மாலை. டில்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று 6.32 மணிக்குக் கிளம்பியது. அதில் 312 பேர். பெரும்பாலோர் வளைகுடா நாட்டுக்கு உழைக்கப் போன இந்தியர்கள். நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்தார். எதிரே கஜகஸ்தான் தேசத்து விமானம் ஒன்று 37 பேருடன் டில்லிக்கு இறங்கி வந்து கொண்டிருந்தது. அந்நாளில் டில்லியில் ஆகாயத்தின் பெரும்பகுதி ராணுவ விமானப் படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தபடியால், போகிற விமானமும் வருகிற விமானமும் ஒரே வழியில்தான் போய்வர வேண்டியிருந்தது. அங்கே அப்போது உபயோகத்தில் இருந்த ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுமேயொழிய, எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரம் காட்டும் புது ராடார் இன்னும் வேலைக்கு வரவில்லை. ஆகவே, அதிகாரிக்கு விமானமோட்டியின் வாய்ச்சொல்தான் கண்.

அதிகாரி சவூதி விமானத்தை 14,000 அடியில் நிற்கச் சொன்னார். கஜக் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார். நடுவே ஆயிரம் அடி இடைவெளி. எதிரே விமானம் வருகிறது, அது 140-ஆவது மட்டத்தில், அதாவது 14,000 அடியில், இருக்கிறது என்றும் கஜக் விமானத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார். ஆனால் கஜக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிக் கொண்டே வந்தது. அவர்கள் ஊரில் உயரத்தை மீட்டரில் அளந்து பழக்கம், இங்கே அடிக்கணக்கு. அவர்களுக்கு இங்கிலீஷும் போதாது. தரையோடு பேசுகிறவர் ஓட்டுகிறவரல்ல. பேசுவதற்கென்றே தனியாக ஒரு ரேடியோக்காரர். அவருக்கு முன் உயரம் காட்டும் கருவி கிடையாது. ஓட்டுகிறவர்களின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். அவர் கேட்டது ஓட்டுகிறவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க யாருமில்லை. கடைசி நேரத்தில் உயரம் தப்பிவிட்டதை ரேடியோக்காரர் கண்டு, 150-ஆவது மட்டத்துக்குப் போகும்படி கத்தினார். காலம் கடந்துவிட்டது. 6.40 மணி சுமாருக்கு ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேல் இரண்டும் மோதின. 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. நடு ஆகாயத்தில் விமானங்கள் மோதிய விபத்துக்களில் உலகத்திலேயே இதுதான் பெரியது.

அன்றைக்கும் சிலர், "எல்லாம் தலைவிதி, அந்த 349 பேருக்கும் அன்றைக்கென்று எழுதியிருந்தது" என்று சொல்லி இருப்பார்கள். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில், வெவ்வேறு நட்சத்திரத்தில் பிறந்த 349 பேருக்கு ஒரே நிமிஷத்தில் ஆயுள் முடியும்படி எழுதியவன் எவனோ, அவன் ரேடியோக்காரருக்கு முன் ஓர் உயரங்காட்டியை வைக்கும்படி எழுதியிருக்கக் கூடாதா? நல்ல வேளையாக, விசாரித்தவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு போய்விடவில்லை. டில்லி ஹைகோர்ட் நீதிபதி ஆர்.சி. லஹோதியின் தலைமையில் விசாரணை நடந்தது. விமானங்களின் கருவிகளில் பதிவான பேச்சை வார்த்தை வார்த்தையாகக் கேட்டார்கள். கஜக் விமானம் உத்தரவின்றி இறங்கியதுதான் காரணம் என்றும், இங்கிலீஷ் போதாமையால் உத்தரவைத் தப்பாக அர்த்தம் செய்து கொண்டதும், விமானத்தில் இருந்தவர்களுக்குள் ஒருவரையொருவர் சரிபார்க்கும் ஒழுங்கு இல்லாததும் அதற்குக் காரணங்கள் என்றும் கண்டார்கள். விதி என்று விட்டிருந்தால் அடுத்த வருஷமும் அதே இடத்தில் அதே விதி வந்து நின்றிருக்கும். காரணம் கண்டதால் பரிகாரம் கிடைத்தது. டில்லியில் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று பிரித்தார்கள். உயரம் காட்டும் ராடார் வேலைக்கு வந்தது. எதிரே வரும் விமானத்தைத் தானே அறிந்து "ஏறு", "இறங்கு" என்று எச்சரிக்கும் கருவியை விமானங்களில் வைக்க வேண்டுமென்று நம் தேசத்தில் சட்டமாயிற்று.

இப்படியே உலகம் முழுவதும் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் பேச்சின் ஒழுங்கைத் திருத்திக் கொண்டே வந்திருக்கிறார்கள். டெனரீஃபுக்குப் பிறகு "கிளம்பு" என்கிற வார்த்தையை, நிஜமாகவே கிளம்ப உத்தரவு கொடுக்கும்போதோ, கொடுத்ததை ரத்துச் செய்யும்போதோ தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது என்று வைத்தார்கள். "ரோஜர்" என்று விமானக்காரர்கள் சொல்வதைச் சினிமாவில் கேட்டிருப்பீர்கள். அதற்கு "சரி, செய்கிறேன்" என்று அர்த்தமில்லை. "நீ சொன்னது காதில் விழுந்தது" என்று மாத்திரமே அர்த்தம். செய்கிறேன் என்பதற்கு "வில்கோ" என்று வேறு வார்த்தை. எண்களில் ஐந்தும் ஒன்பதும் இங்கிலீஷில் ஒரே மாதிரி காதில் விழுவதால் ஒன்பதை "நைனர்" என்று நீட்டிச் சொல்ல வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் பாஷைப் பரீட்சை ஒன்றை ஏற்படுத்தி, 6 படிகளில் 4-வது படியாவது தேறினால்தான் சர்வதேச வழியில் பறக்கலாம் என்று விதித்தது. இது 2008 மார்ச்சில் அமுலுக்கு வந்தது.

எல்லாவற்றிலும் மேலானது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் விதி. "15,000 அடிக்கு இறங்கு" என்றால், "சரி" என்று சொன்னால் போதாது. "15,000 அடிக்கு இறங்குகிறேன்" என்று விமானத்தின் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்பிருந்தால் உடனே திருத்த வேண்டும். மலேயாவில் திருப்பிச் சொன்னார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. ஆகவே திருப்பிச் சொல்வது பாதி; அதைக் கேட்பது மறுபாதி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு ஒழுங்குக்குப் பின்னும் தப்பு முற்றும் ஒழிந்துவிடவில்லை. 2024 ஜனவரி 2-ந் தேதி ஜப்பானில், டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் கடலோரக் காவல் விமானம் ஒன்றுக்கு, "நீ முதல் எண், பாதைக்கு வெளியே நிற்குமிடத்துக்குப் போ" என்று உத்தரவாயிற்று. திருப்பிச் சொன்னதும் சரியாகவே இருந்தது. ஆனாலும் அந்த "முதல் எண்" என்ற வார்த்தையை, ஓடுபாதைக்குள்ளேயே போகலாம் என்று அவர்கள் எடுத்துக் கொண்டு உள்ளே போய் நின்றார்கள். இறங்கி வந்த பெரிய விமானம் அதன் மேல் மோதியது. காவல் விமானத்தில் 6 பேரில் 5 பேர் மாண்டார்கள். பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தீயிலிருந்து தப்பினார்கள். உடனே ஜப்பானியர் "முதல் எண்" என்று சொல்வதை நிறுத்தி வைத்தார்கள். நாக்கு சரியாகத் திருப்பிச் சொன்னாலும், மனம் தான் விரும்பியதையே கேட்கிறது. மனிதன் தவறக்கூடியவன் என்பதை ஒப்புக்கொண்டு, தவறுக்கு இடங்கொடாத ஒழுங்கைத் தேடிக் கொண்டே இருப்பதுதான் அறிவுக்கு அழகு.

கடைசியாக ஒன்று. 1979-இல் அமெரிக்காவில் நாஸா ஸ்தாபனம் கூட்டிய ஒரு மகாநாட்டிலிருந்து, விமானத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு புதுப் பாடம் வந்தது. எஞ்சினைப் பற்றிய பாடமல்ல. எளியவன் பெரியவனைக் கேள்வி கேட்பது எப்படி, பெரியவன் அதைக் கோபமின்றிக் கேட்பது எப்படி என்கிற பாடம். ஒருதடவை சொல்லி எடுபடாவிட்டால் மறுதடவை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வது கீழ்ப்படியாமையல்ல, கடமை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நாற்பதாயிரம் அடி உயரத்தில் ஏறிய பிறகு மனிதன் கண்டுபிடித்த உண்மை இது: "பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று வாய்மூடி இருப்பது மரியாதை அல்ல, கூட்டுக் கொலை.

தோழர்களே! நம் வீட்டில் பிள்ளை, "அப்பா, நீங்கள் சொன்னது இப்படியா, அப்படியா?" என்று திரும்பக் கேட்டால், "எதிர்த்தா பேசுகிறாய்?" என்று நாம் சீறுகிறோம். ஆஸ்பத்திரியில் மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் அம்மாள் சொன்னது விளங்காமலே தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். கேட்டால் படிக்காதவன் என்று நினைப்பார்களே என்று வெட்கம்! அந்த வெட்கத்தைப் பொருநையில் விட்டுவிட்டு, "அம்மா, காலையில் ஒன்று, ராத்திரி சாப்பிட்ட பின் இரண்டு, இதுதானே?" என்று திருப்பிச் சொல்லுங்கள். மடைக்காரரும் அப்படியே, "அடைக்கச் சொல்கிறீரா?" என்று ஒருதரம் திருப்பிக் கூவட்டும். அதற்குக் காசு செலவில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஏறியிருக்கும் விமானம் இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் இந்த ராத்திரியும் பறந்து கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம். நாம் சொன்னதில் விளங்காதது ஏதேனும் இருந்தால் எழுந்து கேளுங்கள்.